பம்பரமும் தீக்காக்கையும்

அவளுக்கு உட்கார வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. இவளுக்கு உட்கார்வது வராது. சாப்பாட்டு மேசையில் முதல் வாய் வைப்பதற்குள் உப்பு எடுக்க எழுந்துவிடுவாள். உப்போடு வந்து உட்கார்ந்தால் தண்ணீர் நினைவுக்கு வரும். ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவள். மூத்தவர்கள் இருவரும் "நீ போ" என்பார்கள். இளையவர்கள் இருவருக்கும் போகத் தெரியாது. அதனால் கடை, தபால் பெட்டி, பக்கத்து வீடு என்று எல்லா ஓட்டமும் இவள் காலில் வந்து விழுந்தது. பம்பரம் என்று பேர் வைத்தது பெரிய அண்ணன். கல்யாணமான மறுவாரமே அந்தப் பேரைக் கணவரும் பிடித்துக்கொண்டார்.

வேலை மட்டும் நேர்மாறாக அமைந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே பிரிவில் முப்பத்தோரு வருடம். "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்." இதையே தினமும் எண்பது பேரிடம் சொல்லுவாள். அவர்களை அசையாமல் நிறுத்திவிட்டு இவள் ஈயக் கதவுக்குப் பின்னால் ஓடுவாள், பொத்தானை அமுக்குவாள், திரும்ப ஓடி வருவாள். ஒருமுறை வார்டு நர்ஸ் ஒருத்தி விளையாட்டாக, அடியெண்ணும் கருவி ஒன்றை அவள் இடுப்பில் மாட்டிவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் பதினான்கு கிலோமீட்டர். அத்தனையும் ஒரே நடைவழியில்.

கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பீரோ அகலத்தில் ஒரு கடை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு காலையில் உட்கார்ந்தார் என்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் முதுகை நிமிர்த்துவார். "உங்க ரெண்டு பேரையும் கலந்து ரெண்டா பிரிச்சிருந்தா ரெண்டு நல்ல மனுஷங்க கிடைச்சிருப்பாங்க" என்று மகன் கேலி செய்வான்.

ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் அவள் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் துவைத்தாள். இரண்டாவது வாரம் அதே திரைச்சீலைகளை மறுபடி துவைத்தாள். நல்லவேளை, பிரிவு உபசாரத்துக்கு என்ன வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டபோது சுவர்க் கடிகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு (வீட்டில் ஏற்கெனவே பதினொன்று இருந்தது) கேமரா கேட்டிருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். காக்கை, மைனா, புறா, மழைநாளில் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து நிற்கும் கொக்கு. எதிர்வீட்டு மனிதர் தன் ஜன்னலைப் படமெடுக்கிறாள் என்று சண்டைக்கு வந்தார். அவருடைய ஏசி பெட்டிமேல் மைனா குஞ்சுக்கு இரை ஊட்டும் படத்தைக் காட்டினாள். மனிதர் குளிர்ந்துபோய் தனக்கொரு பிரதி கேட்டார்.

அடுத்து ஒரு பெரிய லென்ஸ் வந்தது. அதற்கப்புறம் போனில் பறவைப் படக்காரர்களின் குழு ஒன்றில் சேர்ந்தாள். நூற்றெண்பது பேர். அவரவர் மழைக்காட்டுக்குப் போய்ப் பச்சையும் சிவப்புமாகப் படங்களை இறக்க, இவள் மட்டும் காக்கையும் புறாவுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "அருமை அக்கா" என்று இரண்டு பேர் எழுதுவார்கள், இரக்கப்பட்டு.

மகன்தான் அந்தக் காட்டு விடுதியில் ஐந்து நாளைக்கு அறை பிடித்துக் கொடுத்தான்.

"காட்டுல எனக்கு என்ன வேலை?" என்றார் கணவர்.

"சும்மா உட்காருங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

விடுதி மலைச்சரிவில் இருந்தது. மரக்கால்கள்மேல் நிற்கும் பன்னிரண்டு அறைகள், தகரக் கூரை, கூரையெல்லாம் பாசி. துவைத்த துண்டு மூன்று நாளானாலும் காயாது. அறைக்குள்ளிருந்து கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். அது தெளிவதற்குக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் கால்மணி நேரம் அவளுக்கு ஒரு யுகம். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க முட்டிவரை துணியுறையை மாட்டிக்கொண்டு வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். மரத்தளம் டமடமவென்று அதிரும். பக்கத்து அறையிலிருந்த வக்கீல் முதல் நாள் காலையிலேயே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யாராவது விழுந்துட்டாங்களா?"

"இல்ல சார், நடக்கறேன்."

வக்கீல் நான்கு வருடமாக அங்கே வந்துபோகிறவர். அவருடைய லென்ஸ் பச்சைக் குழந்தை நீளம். குழந்தையைத் தூக்குவது போலவே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வருவார். எந்தப் பறவையைச் சொன்னாலும் "அது என்கிட்ட இருக்கு" என்பார். ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இல்லை. தீக்காக்கை.

பேரைக் கேட்டுக் காக்கை என்று நினைத்துவிடக் கூடாது. தலை கறுப்பு, மார்பில் வெள்ளையாக ஒரு கோடு, அதற்குக் கீழே வயிறு முழுக்க ஊதிவிட்ட கங்கு மாதிரி சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்பை அது சுலபத்தில் காட்டாது. ஆள் வருவது தெரிந்தால் பழுப்பு முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒரு கிளைபோல அசையாமல் உட்கார்ந்துவிடும். பத்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படாது. "நாலு வருஷமா அதோட முதுகைத்தான் பார்த்துட்டு வர்றேன்" என்றார் வக்கீல். அதைக் கேட்ட நிமிடமே அவளுக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது.

வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். கண்ணுக்குப் படுமுன்பே காதால் பறவையைப் பிடித்துவிடுவார் என்பதால் விடுதியில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். நடந்துகொண்டே இருப்பவர் சட்டென்று நின்று ஒரு விரலைத் தூக்குவார். பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டும். மற்றவர்கள் நிற்பார்கள். அவள் மட்டும் இரண்டடி முன்னால் போய் நிற்பாள், பறவை பறந்திருக்கும்.

"அம்மா, அது நம்மளத் தேடி வரும். நாம போக வேண்டாம்."

"வரலன்னா?"

"வரலன்னா வரலதான்."

அந்தப் பதிலை அவளால் செரிக்க முடியவில்லை. முதல் இரண்டு நாளில் ஆயிரத்து அறுநூறு படம் எடுத்தாள். வாலின் நுனி, ஆடும் கிளை, பச்சைக் கலங்கல், ஒரு பறவையின் பாதிக் கால். வராந்தா நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்த கணவரின் காலடிக்கே நீலநிறக் குருவி ஒன்று வந்து ரொட்டித் துணுக்கைப் பொறுக்கிவிட்டுப் போயிற்று. அதையும் அவர் வந்து சொல்லியே தொலைத்தார்.

"என்ன பறவைங்க?"

"நீலமா இருந்துச்சு."

"நீலமா இருந்துச்சாம்! இங்க நான் முட்டி தேய அலையறேன்."

மூன்றாம் நாள் காலை, காதுக்காரர் அவளையும் வக்கீலையும் மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். ஓடையைத் தாண்டி, மூங்கில் புதரைச் சுற்றி, பேசாமல் அரைமணி நேர நடை. ஓரிடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே பச்சைத் துணி ஒன்றை மறைப்பாகக் கட்டியிருந்தார். அதில் லென்ஸ் நுழைய இரண்டு ஓட்டை. பதினைந்து அடிக்கு அப்பால் உளுத்துப்போன ஒரு மரக்கட்டை, நெஞ்சளவு உயரம். அதன் உச்சியில் கிண்ணம் போல ஒரு குழி. குழிக்குள் தீக்காக்கை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆண்.

"பகல்ல ஆண் உட்காரும். ராத்திரிக்குப் பெண்" என்று காதோரம் சொன்னார் காதுக்காரர். "ரெண்டு முட்டை. பத்து நிமிஷம்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன்."

அவள் ஓட்டையில் கண் வைத்தாள். கறுப்புத் தலை தெரிந்தது, மார்பின் வெள்ளைக்கோடு தெரிந்தது. சிவப்புக்கு நேர் குறுக்கே, சீப்பு விரித்ததுபோல ஒரு பெரணி இலை. இடது பக்கம் சாய்ந்தாள், வலது பக்கம் சாய்ந்தாள், முழங்காலில் உட்கார்ந்தாள். எங்கிருந்து பார்த்தாலும் இலை. துணிக்குப் பின்னால் அவள் புரண்டதில் வக்கீலின் முழங்கையில் இடித்து, அவர் பல்லைக் கடித்தார். பத்து நிமிடம் முடிந்தது. காதுக்காரர் தோளைத் தட்டினார்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "அந்த இலையைக் கொஞ்சம் நகர்த்தி வெக்கக் கூடாதா தம்பி?"

"கூடாதும்மா. அந்த இலை இருக்கற தைரியத்துலதான் அது அங்க முட்டை போட்டிருக்கு."

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி அடங்கிவிடும். வக்கீலின் அறையிலிருந்து குறட்டை. கணவர் மார்பில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தூங்கினார். அவள் படுத்தாள், எழுந்தாள், கேமராவில் காலைப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். நூற்றிருபது படத்திலும் இலை. தலையணை உறையைச் சரிசெய்தாள். செருப்பு இரண்டையும் வரிசையாக வைத்தாள். குளியலறைக் குழாயை இறுக்கினாள். நாளை மறுநாள் கிளம்பியாக வேண்டும். இன்னும் ஒரே ஒரு காலை. அதிலும் பத்தே நிமிடம்.

காலில் துணியுறையை எப்போது மாட்டினாள் என்றே அவளுக்குத் தெரியாது. ஓடையைத் தாண்டியபிறகுதான் தான் தனியாகப் போகிறோம் என்பது உறைத்தது.

கட்டைக்கு இருபதடி இருக்கும்போதே தீக்காக்கை சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டது. குழிக்குள் இரண்டு முட்டை, மங்கிய வெள்ளை நிறம். அவ்வளவு சின்னது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இலையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள். அது வில்லாகத் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி தள்ளினாள், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை கை தானாக மடக்கிவிட்டது. வெண்டைக்காய் நுனியை ஒடித்தாற்போல ஒரு சத்தம்.

மறைப்புத் துணிக்குப் பின்னால் போய் நின்றாள். பத்தொன்பது நிமிடம் அசையாமல் நின்றாள். அவள் ஆயுளில் அதுதான் அதிகம். ஒரு அட்டை கழுத்தில் ஏறியது தெரிந்தும் கையைத் தூக்கவில்லை. பறவை வந்தது. உடனே குழிக்குள் இறங்காமல் விளிம்பில் உட்கார்ந்து, இங்கும் அங்கும் பார்த்து, முழு வயிற்றையும் அவள் பக்கம் திருப்பியது. மேகம் விலகி எங்கிருந்தோ ஒரு வெளிச்சத் துண்டு அதன்மேல் விழுந்தது. அவள் பொத்தானை அமுக்கினாள்.

சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மூச்சிரைக்க ஏறிப்போய்ப் படத்தைக் குழுவில் போட்டாள். மேட்டைவிட்டு இறங்குவதற்குள் நாற்பது பேர் வாய் பிளந்திருந்தார்கள். இதுவரை அவளை ஏறிட்டுப் பார்க்காத பெரிய படக்காரர் ஒருவர், "இந்தப் படத்துக்கு முன்னால் நாங்களெல்லாம் எம்மாத்திரம்?" என்று எழுதியிருந்தார். அவள் அதை ஐந்து தடவை படித்தாள்.

கணவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கேமராவை அவர் கண்ணெதிரே நீட்டினாள். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். கடிகாரம் பார்த்த பழக்கதோஷம், பறவையை விட்டுவிட்டு ஓரமாகப் பார்த்தார்.

"காலைல காட்டினியே, அதுல ஒரு இலை இருந்துச்சே."

"காத்துல நகர்ந்திருக்கும்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கேமராவை மேசைமேல் வைத்தார். "கழுத்துல ரத்தம் வருது பாரு" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் யாருக்கும் படத்தைக் காட்டவில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டு வந்துவிட்டுப் போயிற்று. வக்கீல் வழக்கம்போல் எல்லாம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நான்கு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மேசைமேல் இருந்த ஜாடி நிறைந்தே இருந்தது.

மறுநாள் காலை மூவரும் மறுபடி அந்த இடத்துக்குப் போனார்கள். மறைப்புத் துணியை எட்டுவதற்கு முன்பே காதுக்காரர் நின்றுவிட்டார். விரலைத் தூக்கவில்லை. நேராகக் கட்டையிடம் நடந்தார். குழி காலி. கீழே சருகுமேல் முட்டை ஓட்டின் ஒரு சில்லு, கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதன் உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. பெரணி இலை ஒடிந்த இடத்தில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

காதுக்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நேத்து இந்த இலை இப்படி இல்லையே!" என்றார் வக்கீல். குரல் ஓங்கியது. "யாருக்காகய்யா ஒடிச்சுக் குடுத்தீங்க? மதியம் வேற யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா?"

"இல்ல சார்."

"பின்ன இலை தானா ஒடிஞ்சுதா?"

அவள் அங்கேயே நின்றாள். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. முப்பத்தோரு வருடம் எத்தனையோ பேரை அசையாமல் நிறுத்தியவள், தானே அப்படி உறைந்துபோய் நின்றாள்.

வக்கீல் சும்மா விடுகிற ஆள் இல்லை. விடுதிக்கு வந்ததும் நேராக மேனேஜரின் அறைக்குப் போனார். மேனேஜர் முப்பத்தைந்து வயதுப் பெண், எப்போதும் கையில் சாவிக்கொத்து. அரைமணி நேரத்தில் விஷயம் சமையற்கட்டு வரைக்கும் பரவிவிட்டது: கூட்டில் கைவைத்த வழிகாட்டிக்கு அனுமதி அட்டை போய்விடும், போன வருடம் ஒருவனுக்கு அப்படித்தான் போனது, அவன் இப்போது கீழே ஊரில் செங்கல் சுமக்கிறான். காதுக்காரர் மேனேஜரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு.

அவள் வராந்தாவில் நடந்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபத்திரண்டு அடி. நாளைக்குக் காலையில் ஜீப் வந்துவிடும். ஜீப்பில் ஏறிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? அணில் தின்றிருக்கும், பாம்பு தின்றிருக்கும். இலை இருந்தாலும் தின்றிருக்கும். இருபத்திரண்டு அடி. திரும்பினாள். குழுவில் இந்நேரம் நூறு பேராவது பார்த்திருப்பார்கள். மறுபடி திரும்பினாள்.

கணவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "பம்பரம்," என்றார், "எவ்வளவு நேரம் நடந்தாலும் அந்த மேனேஜர் ரூமு அங்கயேதான் இருக்கும்."

அவள் நின்றாள். உள்ளே போய்க் கேமராவை எடுத்தாள். படிகளில் இறங்கி, பெஞ்சில் இருந்தவரைப் பார்க்காமலே தாண்டி, மேனேஜரின் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"இலையை ஒடிச்சது நான்தான்."

மேனேஜர் நிமிர்ந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த வக்கீலும் திரும்பினார். அவள் கேமராவில் அந்தப் படத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "நேத்து மதியம். யாரும் கூட வரல. யாருக்கும் தெரியாது."

வக்கீல் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, ஆசை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

மேனேஜர் சாவிக்கொத்தை நகர்த்தி வைத்தாள். "சரி மேடம். நீங்க தெரியாம பண்ணிட்டீங்க. விடுங்க. ஒரு இலைதானே. நாளைக்குக் கிளம்பறீங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போலத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தெரியாம இல்ல. கூடாதுன்னு அவர் சொன்னார், கேட்டுட்டுத்தான் பண்ணேன். அது சரி, அவர் ஒடிச்சிருந்தா வேலை போயிருக்கும். நான் ஒடிச்சா ஒரு இலைதானா?"

"மேடம், நீங்க விருந்தாளி..."

"வெளிய பெஞ்சுல உட்கார வெச்சிருக்கீங்களே, அவர் யாரு?"

விருந்தாளிகள் பார்த்த பறவைகளை எழுதிவைக்கும் பெரிய நோட்டு ஒன்று சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. அவள் அதைக் கொண்டுவரச் சொன்னாள். அந்த நோட்டில் எல்லோரும் "அற்புதம்", "மறக்க முடியாதது" என்றே எழுதியிருந்தார்கள். அவள் நின்றபடியே தேதி போட்டு எழுதினாள்: தீக்காக்கைக் கூட்டை மறைத்திருந்த இலையைப் படம் எடுப்பதற்காக நான் ஒடித்தேன், மறுநாள் காலை முட்டை இல்லை, வழிகாட்டிக்கு இதில் சம்பந்தம் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. காதுக்காரர் ஓடைக்கரையில் நின்று துணியுறையிலிருந்து அட்டைகளைச் சுண்டி எறிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, மன்னிச்சுக்குங்க."

"என்கிட்ட எதுக்கு கேக்கறீங்க? முட்டை என்னுதா?"

அவர் இன்னொரு அட்டையைச் சுண்டி எறிந்தார்.

"காலைலயே எனக்குத் தெரியும்மா. ஈரத்துல உங்க கால் தடம் இருந்துச்சு. மூணு நாளா எனக்கு முன்னாலயே ஓடிட்டிருந்தீங்க, அந்தத் தடம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சாப்பாடு போடற இடத்துல விருந்தாளிய விரல் நீட்டிக் காட்டினா அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவாங்க?"

தண்ணீர் கல்லில் மோதிப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். "இலை இருந்திருந்தா தப்பிச்சிருக்குமா?"

"இருந்திருந்தாலும் பாம்பு வந்திருக்கும்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். எனக்குத் தெரியாதும்மா. தெரியாததை எப்படிச் சொல்றது? மறுபடி முட்டை போடலாம். போடாமலும் போகலாம்."

அன்று மாலை அவள் மேட்டில் ஏறிக் குழுவில் படத்தை அழித்தாள். அதை எப்படி எடுத்தாள் என்பதை நான்கு வரியில் எழுதினாள். "எல்லோரும் செய்வதுதான் அக்கா, இதற்குப் போய்" என்று ஒருவர். "உங்களைப் போன்றவர்களால்தான்" என்று தொடங்கி நீளமாக இன்னொருவர். முந்தின நாள் வாய் பிளந்த பெரிய படக்காரர் ஒன்றும் எழுதவில்லை. அவருடைய படங்களிலும் எந்தக் கூட்டையும் ஒரு இலைகூட மறைத்திருக்காது என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு மாதம் எதையெதையோ துவைத்தாள். சுவர்க் கடிகாரங்களைக் கழற்றித் துடைத்ததில் இரண்டு நின்றுபோயின. கணவர் வாய் பேசாமல் அவற்றைக் கடைக்கு எடுத்துப்போனார். தூக்கத்தில் அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ ஒடிப்பதுபோல் மடங்கும் என்று பிற்பாடு ஒருநாள் அவர் சொன்னார்.

ஒரு சாயங்காலம் போனை எடுத்து விடுதி மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"முட்டை போடற மாசங்கள்ல உங்க வழித்தடத்துல சுத்தி வர ஆள் இருக்கா?"

"அதுக்குன்னு தனியா ஆள் ஏது மேடம்? கைடுங்க விருந்தாளிங்களோடவே போயிடறாங்க."

"மதியத்துல?"

"மதியத்துல யார் போவாங்க? எல்லாரும் தூங்கற நேரம்."

"எனக்குத் தூக்கம் வராது. நான் வர்றேன். சம்பளம் வேண்டாம். சாப்பாடும் படுக்க ஒரு இடமும் போதும்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "காதுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் மேனேஜர்.

அவர் மூன்று நாள் கழித்துத்தான் சரி என்றார். ஒரே நிபந்தனை: கேமரா கொண்டுவரக் கூடாது.

இப்போது நான்காவது வருடம். வருடத்தில் ஏழு வாரம் அவள் அங்கே இருக்கிறாள். சமையற்கட்டுக்குப் பக்கத்து அறை. காலையில் இரண்டு சுற்று, மதியம் மூன்று, வெயில் சாய்ந்ததும் ஒன்று. கூடு கண்ட இடங்களைச் சுற்றி முப்பதடி தள்ளிக் கயிறு கட்டுவாள். கயிற்றைத் தாண்டி யாராவது கால் வைத்தால் எங்கிருந்தோ முளைத்துவிடுவாள். விருந்தாளிகள் பலர் அவளைத் திட்டுகிறார்கள். பெரிய லென்ஸ்காரர் ஒருவர், "இந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று மேனேஜரிடம் கேட்டார். இல்லைதான் என்று மேனேஜர் சொன்னாளாம். வக்கீல் இன்னும் வருகிறார். இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. மூன்றாவது வருடம், அட்டைக்கடிக்கு என்ன போடுகிறாள் என்று கேட்டார்.

கணவர் முதல் வாரம் வந்து இருந்துவிட்டுப் போவார். மீதி நாட்களில் தினமும் ஒருமுறை மேட்டில் ஏறி அவள்தான் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ உட்கார்ந்தியா?"

"அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

அந்தப் பழைய கட்டை மழையில் இடிந்து விழுந்துவிட்டது. அந்த ஜோடி மறுபடி முட்டை போட்டதா, இப்போது இருக்கும் ஜோடி அதுதானா என்று யாருக்கும் தெரியாது. காதுக்காரரும் தெரியாது என்றே சொல்கிறார். போன பருவத்தில் மூன்று கூடு. அதில் ஒன்று அணிலுக்குப் போயிற்று, ஒன்றைக் காற்று சாய்த்தது, ஒன்றிலிருந்து இரண்டு குஞ்சு பறந்தது. பறந்த அன்றைக்கு அவள் அங்கே இல்லை, ஓடைக்கு அந்தப் பக்கம் அவிழ்ந்துபோன கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். காதுக்காரர் வந்து சொன்னபோது முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டுமேவா?"

"ரெண்டும்தான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

அவள் தலையை ஆட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்து இறுக்கினாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடிப்பதற்குள் மேல்சரிவில் இன்னும் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சரிவில் ஏறத் தொடங்கினாள், வழக்கம்போல் அவருக்கு இரண்டடி முன்னால்.